தகுதி போதாது என்ற சொல்

பெண்ணுக்குத் தன்னம்பிக்கை இருந்தால் போதும், வேலையில் எந்த உயரத்தையும் தொடலாம் என்று கல்லூரி விழா மேடைகளில் பேசுகிறார்கள். அப்படியானால் தொட முடியாமல் போனவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்றாகிறது. பழி எவ்வளவு சுலபமாக இடம் மாறுகிறது!

சி.பி. முத்தம்மா குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அவருடைய பணிவிதிகளில் ஒன்று இது: பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சலாகும் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். ஆண் அதிகாரிகளுக்குக் குடும்பமே கிடையாது போலும்.

1970இல் ஹங்கேரிக்குத் தூதரான அவரைப் பின்னாளில் பதவி உயர்வில் ஒதுக்கியபோது சொன்ன காரணம், தகுதி. 'நீ பெண்' என்று சொன்னால் சண்டை போடலாம். 'தகுதி போதாது' என்றால் நம்மில் பலர் வீட்டுக்குப் போய் நம்மையே சந்தேகப்படுவோம். தன்னம்பிக்கையால் விதி மாறிவிடாது. ஆனால் அலுவலகம் போடும் மதிப்பெண்ணை நம்மைப் பற்றிய உண்மையாக எடுத்துக்கொள்ளாமலிருக்க அது வேண்டும். முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்தது. அதனால் 1979இல் மனு தள்ளுபடியானது. ஆனாலும் பணிவிதிகளிலிருந்து பாலினப் பாகுபாட்டைக் களைய வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பில் எழுதினார். திருமண அனுமதி விதியை நீக்கப்போவதாக அரசும் சொன்னது.

அதற்குள் அவர் பணியில் சேர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.