யந்திரத்தின் கணக்கும் மனிதரின் சொல்லும்

பிரித்தானியத் தபாற் கந்தோர்களில் 1999 ஆம் ஆண்டு முதல் 'ஹொறைசன்' என்னும் கணினிக் கணக்குமுறை பரவலாகப் புகுத்தப்பட்டது. இல்லாத பணக்குறைவை அது காட்டக் கண்ட உப தபாலதிபர்கள் உதவித் தொலைபேசியில் முறையிட்டனர். "இக்குறை உமக்கு மட்டுமே" என்னும் விடையே பலருக்குக் கிடைத்தது. 2015 வரையில் 900க்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர்.

யந்திரம் பிழைவிடுவது இயல்பு. அதனை நாம் குற்றமெனக் கொள்ளோம். ஆனால், "உமக்கு மட்டுமே" என்னும் சொல் யந்திரத்தினுடையதன்று; மனிதருடையது. அச்சொல் முறையிட்டவரைத் தம்மொத்தாரினின்றும் பிரித்தது. பொதுவான பழுதைத் தனிமனிதரின் களவாக்கியது.

2009 இல் பாதிக்கப்பட்டோர் ஒன்றுகூடினர். ஒருவர் துயரை மற்றவர் கேட்டபோது "மட்டுமே" என்பது பொய்த்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் கணினியின் பிழைகளை உறுதிசெய்தது. 2024 இல் பாராளுமன்றம் சட்டமியற்றி நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை நீக்கியது. சிறையிற் கழிந்த நாட்களை எச்சட்டம் மீட்கும்?

முறைப்பாடு என்பது யந்திரத்தோடு நாள்தோறும் உழைப்பவரின் சாட்சியம். யந்திரத்தின் கணக்கை ஐயமின்றி நம்பி, மனிதரின் சொல்லை ஐயுறும் சமுதாயத்தில், அறிவு வளர்ந்ததென்று நாம் பெருமை கொள்ளலாமா? முறையிடுவோர்க்குச் செவிசாய்த்தல் உபகாரமன்று; நீதியின் முதற்படி அதுவே.