மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்னால்

அமெரிக்க மருத்துவமனைகளில் டாக்டராகவும் நர்ஸாகவும் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான்.

2017 செப்டம்பரில் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்குச் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சு முட்டியது. ஏற்கெனவே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து பிழைத்தவர். என்ன நடக்கிறதென்று உடனே புரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ஹெபாரின் போடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தார் நர்ஸ். முதலில் காலைத்தான் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பிறகு சி.டி. எடுத்தால், நுரையீரலில் கட்டிகள். உலகமே அறிந்த முகத்துக்கே இந்தக் கதி. பேரும் பணமும் இல்லாத கறுப்பினத் தாய் யாரிடம் போய் மன்றாடுவாள்?

2023இல் அங்கே 1 லட்சம் குழந்தைப் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார் 50 பேர் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மாரில் 15 பேர்கூட இல்லை. ஏழ்மைதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கல்லூரிப் படிப்பு முடித்த பெண்களிடமும் இந்த இடைவெளி இருக்கிறது. கறுப்பர்களுக்குத் தோல் தடிமனாக இருக்கும் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் பாதிப் பேர் நம்பியதை வர்ஜீனியாவில் நடந்த ஆய்வு 2016இல் காட்டியது. நம்பியவர்கள் கறுப்பர்களின் வலியையும் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

நாம் மட்டும் என்ன? விருந்துக்குக் கூடினால், "அவங்க உடம்பைக் கவனிச்சுக்க மாட்டாங்க" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்! அந்தப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். அது உங்களோடு வார்டுக்கும் வருகிறது. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறி நம்மவர்களுக்குக் கதவு திறந்ததே, அதற்கு வழிவகுத்ததில் கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைபட்டு நடத்திய உரிமைப் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. அந்த நன்றியாவது வேண்டாமா?

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் அப்படியே நம்பாதீர்கள். கறுத்த தோலில் அது ஆக்ஸிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும். ரத்தத்தில் உண்மையில் குறைந்திருந்தும் கருவி சரியென்று காட்டிய தவறு, வெள்ளையின நோயாளிகளோடு ஒப்பிட்டால் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவின் விரல் என்ன நிறம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இன்றிரவு டியூட்டியில் மானிட்டர் 94 என்று காட்டலாம். படுக்கையில் இருப்பவள் மூச்சுவிட முடியவில்லை என்று சொன்னால், அவளை நம்புங்கள். தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதியுங்கள். சீனியர் முகம் சுளித்தாலும் ஸ்கேன் வேண்டுமென்று வாதாடுங்கள். விடியட்டும், பார்க்கலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.