பொங்கலடுப்பும் தீப்புண்ணும்

கும்ப மாதப் பூர நாளில் ஆற்றுகால் பகவதிக்கு, வெள்ளறடை, பாறசாலை போன்ற ஊர்ப் பெண்களும் திருவனந்தபுரத் தெருக்களில் செங்கல் அடுப்பு கூட்டி, விரதமிருந்து பொங்கலிடுகின்றனர். அப்போது கை சுட்டுக்கொண்டால் அது விரதக் குறையா? அந்தப் பகவதி கண்ணகியே என்பது ஐதிகம். சிலப்பதிகாரத்தில் அவள் ஏவிய தீ, முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீயோரையே பற்றியது. அடுப்புத் தீக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை. சுடுவது அதன் இயல்பு. எனவே காயத்தில் குற்றம் தேடுவது, நொந்தவருக்கு இழைக்கும் அநீதி.

அப்போது தேவை முதலுதவியே: வளையலை உடனே கழற்றி, சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் ஆகாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடினால், மேலோட்டமான புண் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். முகத்தில் பட்டாலும், உள்ளங்கையைவிடப் பெரிதானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.