அம்மனின் பாதத்தை வெட்டலாமா?

சாமி படத்தில் எந்தப் பக்கத்தை வெட்டலாம்? ஹட்டன் டவுனில் ஸ்டுடியோ வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி ஒரு விளையாட்டுச் சாமானோடு வந்து சேர்ந்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன தங்கச்சி, லீவில் வந்தபோது மகனுக்கு ஒரு பி.எஸ்.பி. வாங்கி வந்தாள். சோனி கம்பெனி 2004 டிசம்பரில் ஜப்பானில் இறக்கிய பிளேஸ்டேஷன் போர்ட்டபிள். இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற பெட்டி. அவள் திரும்பிப் போன பிறகு பொடியனுக்குக் கார் ஓட்டுகிற விளையாட்டு சலித்துவிட்டது. அதில் படமும் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மாமா, அம்மாவையும் நம்ம தோட்டத்து மாரியம்மாவையும் இதுக்குள்ள போட்டுத் தாங்க" என்று கடையில் வந்து நின்றான்.

அந்தத் திரை மூலைக்கு மூலை 4.3 அங்குலம். அகலத்தில் 480 புள்ளி, உயரத்தில் 272, மொத்தம் 1,30,560. சாதாரணக் கேமரா கூட ஒரு படத்துக்குப் பல லட்சம் புள்ளிகள் எடுக்கிறது. அதை அப்படியே ஏற்றினால் படம் திறக்க நேரமாகும், மெமரி ஸ்டிக்கிலும் இடம் போகும். அதனால் கம்ப்யூட்டரிலேயே சுருக்கி, சுருக்கியதில் மங்கிய ஓரங்களுக்குக் கொஞ்சம் கூர்மை ஏற்றி, ஜேபெக் ஆகச் சேமித்துப் போடுவதுதான் வழி.

அளவைச் சுருக்குவது சுலபம். சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. திரை 16க்கு 9 என்று படுத்துக் கிடக்கிறது. கேமராப் படமோ 4க்கு 3. அகலத்தை நிரப்பினால் உயரம் 360 வரும், அதில் 88 புள்ளியை வெட்டி எறிய வேண்டும். வெட்ட மனமில்லாவிட்டால் உயரத்தை 272க்குள் அடக்கி இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட வேண்டும். தங்கச்சி படத்தில் தலைக்கு மேலே கூரைத்தகரம், காலுக்குக் கீழே லயத்து வாசல். வெட்டினேன், அவளுக்கு ஒன்றும் குறையவில்லை.

அம்மன் படத்தில் கை நின்றுவிட்டது. அது திருவிழாவில் தேரேறிய எழுந்தருளி, நெடுக்காக எடுத்த படம். அகலம் நிரம்ப வைத்தால் உயரம் 640 ஆகிறது. பாதிக்கு மேல் போய், முகமும் மாலையின் மேற்பக்கமும்தான் மிஞ்சும். "மொகம் பெருசாத் தெரிஞ்சா நல்லதுதானே" என்றான் பொடியன். அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் நம் கும்பிடு முகத்தில் தொடங்குவதில்லை, அடியில் தொடங்குகிறது. பாதத்திலிருந்து மேலே பார்த்துப் போவதுதான் பழக்கம். சைவன் கேட்பதெல்லாம் திருவடி. சேர இடம் கொடுக்கும் பாதத்தை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்தால், அம்மன் நம்மைப் பார்ப்பாள். நாம் போய் விழுவதற்கு இடம் இருக்காது.

அதனால் படத்தைக் குறுக்கே திருப்பிச் சேமித்தேன். பெட்டியை நிமிர்த்திப் பிடித்தால் 272 அகலத்தில், 363 உயரத்தில், அம்மன் பாதத்தோடு நின்றாள். பொத்தான்கள் மேலும் கீழும் போயின. அந்தப் படம் திறந்திருக்கும் வரை அது விளையாட முடியாத பெட்டி. பொடியன் திரையை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கேட்டான்: "பட்டரி எறங்கிட்டா அம்மனும் போயிருமா மாமா?"

சின்னப்பிள்ளைக் கேள்வி என்று தள்ள முடியவில்லை. அம்மன் படத்தில் இருக்கிறாளா, இல்லை படம் வெறும் அடையாளமா என்ற பழைய வழக்குத்தான் இது. நம் வழக்கத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் கரகம் பாலிக்கிறோம். அந்தச் செம்புக்குள் அம்மன் வந்துவிட்டாள் என்று வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி வரவேற்கிறோம். திருவிழா முடிந்ததும் அதே கரகத்தை ஆற்றில் விடுகிறோம். அம்மன் செத்துப்போனாள் என்று யாரும் அழுவதில்லை. மஞ்சளைப் பிடித்துப் பிள்ளையார் என்கிறோம், பூசை முடிந்தால் கரைத்துவிடுகிறோம். வரச்சொல்லி அழைப்பதும் போய்வரச் சொல்லி அனுப்புவதும் பூசையின் இரண்டு பாதி. பட்டரி இறங்குவதற்கு அதைவிடப் பெரிய அர்த்தம் கிடையாது.

படத்தின் படம் எப்படிச் சாமியாகும் என்பாருக்கும் ஆகமத்தில் பதில் உண்டு. சுவரில் எழுதிய சாமிக்கும், நீர் பட்டால் கரையும் சாமிக்கும் நேரே அபிஷேகம் செய்ய முடியாது. எதிரே கண்ணாடி வைத்து, அதில் விழும் பிம்பத்துக்கே அபிஷேகம் செய்வார்கள். கேரளத்தில் களவங்கோடத்தில் 1927இல் நாராயண குரு ஒரு படி மேலே போய், கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். ஒளிவிடும் கண்ணாடித் தளம் சாமிக்குப் புதிய இடமில்லை.

எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்கு வேறு மனக்குறை. "சுட்டு வெளாடுற பெட்டிக்குள்ள தாயிய வைக்கிறதாப்பா?" என்றார். சுத்தம் பற்றிய அவர் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் நாம் வளர்ந்தது எங்கே? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில். சமைத்தது அங்கே, தூங்கியது அங்கே, சண்டை போட்டது அங்கே, பிள்ளை பெற்றது அங்கே. சாமி படமும் அந்தச் சுவரில்தான் ஆணியில் தொங்கியது. பூசையறை என்று தனியாக ஒதுக்க இடமில்லாத சனத்தோடு அம்மன் ஒரே காம்பராவில் இருந்து பழகியவள். கொழுந்து அரைக்கும் பெக்டரி ரோதைக்கே ரோதைமுனி என்று ஒரு சாமியைக் காவல் வைத்த மலையகம் இது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது நம் தெய்வங்களுக்குக் கூச்சமான காரியமில்லை.

மூலவரைப் படமெடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் நான் மீறுவதில்லை. உள்ளே வர முடியாதவருக்காக வெளியே வருவது எழுந்தருளி. அந்தப் பயணம் தேரிலிருந்து திரைக்கு நீண்டால் தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. குவைத்தில் இருக்கும் தாயும், இங்கே இருக்கும் பிள்ளையும் ஒரே அம்மனைப் பார்ப்பதற்கு வேறு என்ன வழி?

இதுவரை சாமி. இனி மனிதர். பொடியன் மூன்றாவதாகக் கேட்டது என் அம்மாயியின் படத்தை.

என் தொழில் பெரும்பாலும் இப்படிச் சுருக்குவதற்கு நேர் எதிர். தோட்டத்தில் ஒரு கிழவி இறந்தால் வீட்டார் அடையாள அட்டையைக் கொண்டு வருவார்கள். பலருக்கு இருப்பதே அந்த ஒரு படம். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய முகத்தைக் கருமாதிக்குள் சுவரளவுக்குப் பெருப்பிக்க வேண்டும். பெருப்பிக்கும்போது இல்லாத புள்ளிகளைக் கம்ப்யூட்டர், பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத் தானாக இட்டு நிரப்புகிறது. அதற்குமேல் வீட்டார் கேட்பார்கள்: பட்டுச்சேலை உடுத்தி விடுங்க, கழுத்துக்கு ஒரு சங்கிலி போடுங்க. செய்து கொடுக்கிறேன். மாலை போட்ட சட்டத்துக்குள் இருப்பவர், அட்டைக்குள் இருந்தவரே அல்ல என்று எனக்கு மட்டும் தெரியும்.

அம்மாயியின் படம் பழைய ஹட்டன் ஸ்டுடியோவில் எடுத்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் எழுதியது. அம்மாயியின் அக்கா குடும்பம் இந்தியாவுக்கு எழுதப்பட்டது. தலைமன்னாருக்கு, 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர்பட்ட ரயிலில் ஏறும் முன், அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து நின்று எடுத்த படம். அதை ஸ்கேன் பண்ணி 480க்குக் கொண்டுவந்தேன். திருநீற்றின் மூன்று கோடும் சேர்ந்து ஒரே வெள்ளைப் பூச்சாகிவிட்டன. அம்மாயியின் மூக்குத்தி ஒற்றைப் புள்ளி. அக்காவின் மூக்குத்தி அந்த ஒரு புள்ளிகூடக் கிடைக்காமல் கன்னத்து நிறத்தில் கலந்துபோனது. ஆனாலும் பொடியன் விரல் வைத்து, "இது அம்மாயி, இது இந்தியாவுக்குப் போன பெரிய அம்மாயி" என்று சரியாகச் சொன்னான்.

பெருப்பிக்கும்போது பொய் சேர்கிறது. சிறுப்பிக்கும்போது உண்மை குறைகிறது. இரண்டில் எது மன்னிக்கத்தக்கது என்று கேட்டால், குறைவதே என்பேன். குறைந்த இடத்தைத் தெரிந்தவர் மனம் நிரப்பிக்கொள்ளும். சேர்ந்த பொய்யை அடுத்த தலைமுறை உண்மை என்று கும்பிடும்.

பெருப்பிக்காமலும் சிறுப்பிக்காமலும் படம் எடுத்தவர் ஒருவர் நம் மலையிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். இங்கிலாந்தில் பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில். ஈரமருந்து பூசிய கண்ணாடித் தகட்டில் எடுத்து, தகட்டின் அளவிலேயே தாளில் பதிப்பது அவர் முறை. அவருடைய பெரிய தகடுகள் 15க்கு 12 அங்குலம். பொடியனின் பி.எஸ்.பி. திரை அதன் ஒரு மூலைக்குக் காணாது. 1878இல் அவர் இலங்கையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. முகமும் துணி மடிப்பும் கிடைத்தன. யார் என்ற பெயர் தலைப்பில் இல்லை. கவிஞர் டென்னிசனை எடுத்தபோது பெயரோடு வைத்தவர், இவர்களை எடுத்தபோது கூட்டமாக வைத்தார்.

உருவம் முழுசாக இருந்தும் பெயர் போய்விட்டால், அது ஆளின் படமாக இல்லாமல் ஒரு வகையின் படமாகிவிடுகிறது. பெயர் நிற்கும் வரை ஒற்றைப் புள்ளி மூக்குத்தியும் ஒரு ஆளைச் சுமக்கும். சாமிக்கும் இதே நியாயம்தான். பெயர் சொல்லி அழைத்தால் மஞ்சள் உருண்டைக்கும் வருகிறது. அழைக்க ஆளில்லாத கோவிலில் கருங்கல்லும் கல்லாகவே நிற்கிறது. ஆகவே திரை சின்னது என்பது சாமிக்கும் குறையில்லை, செத்தவருக்கும் குறையில்லை.

பி.எஸ்.பி.யின் காலம் போய், இப்போது எல்லோர் கையிலும் போன். வெட்டுவதும் சுருக்குவதும் விரலளவு வேலை. வெட்டுங்கள், ஆனால் பிரதியில் வெட்டுங்கள். மூலப் படத்தை அழிக்காதீர்கள். சாமி படமென்றால் பாதத்தை வெட்டாமல் விடுங்கள். ஆளின் படமென்றால், கேமரா தானாகப் போடும் நம்பரை எடுத்துவிட்டு, பெயரும் தோட்டமும் டிவிஷனும் வருஷமும் எழுதிச் சேமியுங்கள். சொல்லத் தெரிந்த கிழவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.