மட்டமும் வாட்டமும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழாவில், டிசம்பர் 31 அன்று படிக்குப் படி சூடம் ஏற்றி, திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். காலடிக் கல்லுக்கு இத்தனை மரியாதை தரும் ஊரில், தன் வீட்டுத் தரையை முதன்முதலாகத் தானே சமன்செய்யத் துணிபவரைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

தரையைச் சமன்செய்ய ஊற்றும் கலவையின் மூட்டையில் ‘செல்ஃப் லெவலிங்’ என்று இருக்கும். கலவை தானாகப் பரவும், உண்மை. ஆனால் அடியில் கிடக்கும் தூசியும் எண்ணெய்க் கறையும் அதற்குப் பகை. பழைய தரையை ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே வாருங்கள்; பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைக் கொத்தி எடுத்துப் பூசுங்கள். பெருக்கி, துடைத்து, பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். பிரைமரை விட்டுவிட்டால், அடியிலுள்ள வறண்ட சிமெண்ட் தரை கலவையின் ஈரத்தை உறிஞ்சும்; மேலே குமிழ் வெடித்துப் பொடித் துளைகள் விழும்.

தண்ணீரை அளந்தே ஊற்றுங்கள். ஓட்டமாக இருக்கட்டும் என்று கூட்டினால், மணல் அடியில் தங்கி மேல்பரப்பு பொடிந்து உதிரும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள். இந்த ஊர் வெயில் கலவையைச் சீக்கிரமே இறுக்கிவிடும். கலந்த வாளியைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

குளியலறையில் மட்டும் இதை ஊற்றவே வேண்டாம். அங்கே கொத்தனார் வேண்டுமென்றே வாட்டம் விட்டிருக்கிறார். தண்ணீர் வடிய அது வேண்டும்.