வேலியும் தொட்டியும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் மலைச்சரிவில் அமைந்துள்ள சிற்றூர் சித்திரபுரம். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது இந்தப் பள்ளிவாசலில்தான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைத் தோட்டங்கள். வெளியூரிலிருந்து வருவோர் அச்சரிவுகளைப் 'பச்சைக் கம்பளம்' என்று வியந்து புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். தாங்கள் காண்பது, இடுப்பளவில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு காடு என்பதைப் பலரும் அறிவதில்லை.

தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் 30 அடிக்கு மேலும் உயர வல்லது. அது இளஞ்செடியாக இருக்கும்போதே நடுத்தண்டின் நுனி வெட்டப்படுகிறது. நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஊக்குநீர், கீழுள்ள பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி நீங்கியதும் அவை விழித்துக் கிளைகளாகின்றன. அதன் பிறகு ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை கொழுந்து பறிப்பு. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து. இவ்வாறே நூறாண்டு கடந்த மரமும் மனிதனின் இடுப்பைத் தாண்டாமல் நிற்கிறது. விதைக்கென்று கவாத்துச் செய்யாமல் விடப்படும் தேயிலை மட்டும் ஓங்கி வளர்ந்து, வெண்ணிறப் பூப்பூத்துக் காய்க்கிறது.

மலை முழுவதும் நடைபெறும் இச்செயலை, நகரத்து வீடொன்றின் சன்னலோரத்தில், ஒரு சிறு தட்டில், அழகு கருதிச் செய்யும் கலையே போன்சாய்.

விதையில் குறை உண்டா?

ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டு. 'சாய்' என்றால் நடுதல். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை இது. விதையிலிருந்தே வளர்க்க விரும்பும் சிலர் கடைகளில் 'போன்சாய் விதை' இருக்கிறதா என்று கேட்பதுண்டு. அப்படித் தனியாக ஒரு விதை கிடையாது. காட்டில் வானளாவும் மரத்தின் விதைதான் தட்டிலும் விதைக்கப்படுகிறது.

வீட்டுக்குள் வளர்க்க ஆல், அரசு, இச்சி போன்றவை ஏற்றவை. குளிர்நாட்டு மரங்கள் பனிக்கால ஓய்வு கிட்டாமல் வீட்டுக்குள் நலிந்துவிடும். கடுகினும் சிறிய ஆலம்விதையை, மணல் கலந்த ஈர மண்ணின்மீது தூவி, மேலே மூடாமல், வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும். நாற்று சிறிது வளர்ந்ததும் ஆணிவேரை நறுக்குகிறார்கள். தண்டு பருப்பதற்காகச் சில ஆண்டுகள் பெரிய தொட்டியில் வளர்த்த பின்னரே ஆழமற்ற தட்டுக்கு மாற்றுகிறார்கள். கம்பி சுற்றிக் கிளைகளை வளைக்கிறார்கள். கம்பி பட்டையில் பதிவதற்குள் கழற்றிவிட வேண்டும். தவறினால் வடு நிலைத்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து வேர்களைக் கத்தரிக்கிறார்கள். ஆனால் அதே மரத்தைத் தட்டிலிருந்து விடுவித்து நிலத்தில் நட்டால், மறந்துபோன ஒன்றை நினைவுகூர்ந்ததுபோல் அது மீண்டும் வளரத் தொடங்கும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை ஓர் ஆலம்பழம் கொண்டுவரச் செய்கிறார். பழத்தைப் பிளந்தால் நுண்ணிய விதைகள் தெரிகின்றன. ஒரு விதையைப் பிளந்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. காணமுடியாத அந்த நுண்மையிலிருந்தே பேராலமரம் எழுந்து நிற்கிறது என்றும், அனைத்திற்கும் ஆதாரமான அந்த மெய்ப்பொருளே மகனின் உண்மை இயல்பு என்றும் தந்தை உணர்த்துகிறார். மேசைமீது ஒரு சாண் உயரத்தில் நிற்கும் ஆலுக்கும், சென்னை அடையாற்றின் புகழ்பெற்ற பேராலுக்கும் விதையளவில் வேறுபாடு இல்லை. வேறுபாடு, வேருக்குக் கிடைத்த இடத்தில் இருக்கிறது.

இது முறையா?

அவ்வாறாயின் போன்சாய் வளர்ப்பது தவறா? பேருருவாக வேண்டியதைச் சிற்றுருவாக நிறுத்துவது ஒருவகை ஹிம்சை என்பார் உளர். அதற்கு மறுமொழியாக வளர்ப்பவர்கள் அன்பைச் சுட்டிக்காட்டுவார்கள். அதையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஹிரோஷிமாவில் யமகி குடும்பத்தாரிடம் இருந்த பைன் போன்சாய் 1625 முதல் பேணப்பட்டு வருவது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது, ஒரு மதிலின் மறைவில் அது பிழைத்தது. 1976-இல் மசாரு யமகி அதனை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாக வழங்கினார். அந்த மரம் கண்ட அழிவைப் பற்றி அப்போது யாரும் அங்கே பேசவில்லை. 2001-இல் அவருடைய பேரர்கள் வந்து சொன்ன பிறகே அச்செய்தி பரவியது. குண்டு வீசிய நாட்டிற்கு, குண்டுக்குத் தப்பிய மரத்தை மௌனமாகக் கொடுக்கும் உள்ளத்தை அந்தச் சிறு மரம் பண்படுத்தியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஒருநாளும் தவறாமல் நீர் வார்த்தவன் மரத்தை மட்டுமா வளர்த்தான்?

ஆகவே போன்சாய் வளர்ப்பவரைக் குற்றவாளியாக்குவது இங்கு நோக்கமன்று. மனிதனுக்கு நேர்வது போன்ற மனவேதனை மரத்துக்கு நேர்கிறது என்று கொள்வதற்கும் ஆதாரமில்லை. கேள்வி மரத்தோடு நிற்பதில்லை என்பதுதான் முக்கியம். கத்தரியும் கம்பியும் ஒவ்வொரு தந்தையின் கையிலும், ஆசிரியரின் கையிலும், முதலாளியின் கையிலும் இருக்கின்றன. கட்டுப்பாடு இல்லாமல் எந்த வாழ்வும் உருப்பெறாது. எந்தக் கட்டுப்பாடு வளர்க்கிறது? எது குறுக்குகிறது?

ஸ்ரீராமகிருஷ்ணர் இளமரத்துக்கு வேலி தேவை என்றார். வேலி இல்லையேல் ஆடுமாடுகள் மேய்ந்துவிடும். அடிமரம் பருத்த பின்போ அதில் யானையையே கட்டலாம். வேலியும் தட்டும் இரண்டும் எல்லைகளே. ஆயினும் வேலி வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுக்கிறது. தட்டு உள்ளிருந்து எழும் வளர்ச்சியைத் தடுக்கிறது. வேலி மரத்தின் நலனுக்காக நிற்கிறது. தட்டு மேசையின் அளவுக்காக இருக்கிறது. வேலி ஒருநாள் தேவையற்றுப் போகும். தட்டோ என்றும் நீங்குவதில்லை.

மனிதர்களுக்கு வைத்த தட்டுகள்

தன்னால் மருத்துவராக முடியாத தந்தை, ஓவியத்தில் மனம் தோய்ந்த மகளை மருத்துவக் கல்லூரியை நோக்கி வளைக்கிறார். அவரது அன்பில் பொய்யில்லை. ஆனால் கம்பியைக் கழற்றும் காலம் எது என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. கல்வி என்பது உள்ளே ஏற்கெனவே இருக்கும் நிறைவை வெளிப்படச் செய்வது என்று சுவாமி விவேகானந்தர் வற்புறுத்தினார். செடியை யாரும் வளர்க்க முடியாது, அது தானே வளர்கிறது. தடைகளை நீக்குவதே பிறர் செய்யக்கூடியது என்பது அவரது கருத்து.

சமூகமும் தட்டுகளைச் செய்து வைக்கிறது. மூணாறு மலைகளில் தேயிலை வேரூன்றிய காலத்திலிருந்து, தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களே கொழுந்து பறித்து வந்தன. வரிசையாய்க் கட்டிய லயங்களில் குறுகிய அறைகள். வேலை இருக்கும்வரைதான் வீடு. தாய்க்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேத்தி என்று கூடை தோள் மாறியது. 2015 செப்டம்பரில், நாட்கூலி 232 ரூபாயாக இருந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து கூலி உயர்வும் போனஸும் கேட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அதுவரை அவர்களை அமைதியானவர்கள் என்றே உலகம் எண்ணியிருந்தது. தட்டில் நிற்கும் மரத்தைப் பார்த்து, இதன் இயல்பே இவ்வளவுதான் என்று எண்ணுவது எவ்வளவு எளிது! ஒவ்வோர் உயிரிலும் தெய்விகம் உறைகிறது என்று நம்புபவனுக்கு அந்த எளிமை அனுமதிக்கப்படவில்லை.

கத்தரி யார் கையில்?

இறுதியாக ஓர் ஐயம் எழலாம். சாதகனும் தன் ஆசைகளை வெட்டுகிறான். உணவையும் உறக்கத்தையும் பேச்சையும் குறைக்கிறான். அவனும் ஒரு போன்சாய்தானே?

இல்லை. மரத்தைப் பிறர் வெட்டுகிறார்கள். சாதகனோ கத்தரியைத் தானே விரும்பி எடுக்கிறான். அவன் வெட்டுவது வேரையும் அன்று. நுனி மொட்டு ஒன்று பக்க மொட்டுகளை எல்லாம் உறங்க வைப்பதுபோல, 'நான்' என்னும் முனைப்பு ஒன்று கருணை, பொறுமை, பிறர்துயர் உணரும் தன்மை அனைத்தையும் உறங்க வைத்திருக்கிறது. அதனைக் கிள்ளினால் அவை விழிக்கின்றன. குருவும் இதற்கு வேலியாகவே நிற்கிறார். சீடன் தம்மைவிட ஓங்கி வளர்வதைக் காண்பதே அவருக்கு மகிழ்ச்சி.

ஒருவரைத் திருத்தவோ தடுக்கவோ கை எழும்போது, தாய்க்கும் ஆசிரியருக்கும் தலைவருக்கும் ஒரு கேள்வி போதும்: இவர் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டால் நான் மகிழ்வேனா? 'ஆம்' என்று உள்ளம் தயங்காமல் சொன்னால், கையில் இருப்பது வேலிக்கான முள். தயக்கம் எழுந்தால், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முதலில் தன் நுனியைப் பார்த்துக்கொள்வது நல்லது.