லெய்டனும் வேலணையும்

1574இல் ஸ்பானியப் படை ஒல்லாந்தரின் லெய்டன் நகரை முற்றுகையிட்டபோது ஆயிரக்கணக்கானோர் பசியிலும் நோயிலும் மாண்டார்கள்; நகரம் பணியவில்லை. 1648இல் ஸ்பெயின் ஒல்லாந்தரின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. பத்து வருடம் கழித்து, 1658இல், அதே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். வேலணைத் தீவுக்கு லெய்டன் என்று பெயர் வைத்தார்கள். நயினாதீவுக்கு ஹார்லெம். ஹார்லெமும் முற்றுகையில் பட்டினி கிடந்த ஊர்தான்.

பட்ட வலி எங்கே போனது? மனிதர் கெட்டவர் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பிறர் மண்ணை வைத்திருக்கக் காவலரண் வேண்டும், ஒற்றர் வேண்டும், விசாரணையில்லாத சிறை வேண்டும். அவற்றுக்குப் பழகிய அரசு, தன் மக்களிடமும் அவற்றையே எடுக்கும். 1967இல் பலஸ்தீன நிலங்களைப் பிடித்த பிறகு, இஸ்ரேல் இரகசியப் பொலிஸ் நாடாகிவிடும் என்று எச்சரித்த யெஷயாகு லைபோவிட்ஸ், பக்தியில் ஊறிய யூதர்.

இலங்கையிலும் இதைக் காணலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, நாலு பக்கமும் அலை அடிக்க நிற்கிறது கடற்கோட்டை. 1971இல் ஜே.வி.பி. கிளர்ச்சியில் பிடிபட்ட சிங்களவர்களை அங்கே அடைத்தார்கள். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. தமிழ் இளைஞரை ஒடுக்க 1979இல் மூன்று வருடத்துக்கென வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. 80களின் கடைசியில், ஜே.வி.பி. மீண்டும் கிளர்ந்து அடக்கப்பட்டபோது, தெற்குத் தெருக்களில் சிங்கள இளைஞரின் உடல்கள் டயரில் எரிந்தன. 2022 ஓகஸ்டில் காலிமுகத்திடல் போராட்டத்தின் மாணவர் தலைவர் வசந்த முதலிகே அதே சட்டத்தில் அடைக்கப்பட்டார்.

தமிழருக்கும் இதில் விலக்கில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். நிலத்தைப் பிடித்து ஆண்ட கை அதைச் செய்தது. அதைச் சொல்லாமல் அரசை மட்டும் குற்றம் சாட்டுவது நேர்மையல்ல.

நயினாதீவு என்று கருதப்படும் நாகதீபத்துக்கு மகாவம்சம் ஒரு கதை சொல்கிறது. மணி ஆசனம் ஒன்றுக்காக நாக அரசரான மாமனும் மருமகனும் போருக்கு நின்றார்கள். புத்தர் வந்து இணக்கினார். அவர்கள் ஆசனத்தை அவருக்கே கொடுத்தார்கள். அவர் அதை நாகரிடமே வழிபட விட்டுச் சென்றார். மணிமேகலையின் மணிபல்லவத்திலும் இரு நாக அரசர், ஒரு பீடிகை. சிங்களவரும் தமிழரும் தமதென்று கொண்டாடும் ஒரே கதையில் வந்தவர் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

மகாவம்சத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் அரசின் கடற்படை இன்று நயினாதீவிலும் முகாமிட்டிருக்கிறது. மண்டைதீவில் முகாமுக்காகக் காணி அளக்க அதிகாரிகள் வந்தபோது, காணி உறுதிக்காரர்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.